யோசனை கூடும்போது செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போகிறவர்கள் மிகக் குறைவு. "ஒரே யோசனையாக இருக்கிறது, நித்திரை வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது" என்றுதான் சொல்வார்கள். பெருமூச்சு, தலையிடி, உடம்பு உளைவு என்று வருகிறவர்களும் உண்டு. இவை சாட்டுகள் அல்ல. மனத்தின் பாரத்தை நம்மவர்கள் உடம்பின் வழியாகவே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். "யோசனை" என்ற சொல்லில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆக வேண்டிய காரியத்தைத் திட்டமிடுவதும் யோசனைதான், ஆகாத காரியத்தைச் சுற்றிச் சுற்றி வருவதும் யோசனைதான். இந்த இரண்டையும் பிரித்தெடுக்கக் கற்றுக்கொள்வதே முதல் வேலை.

என் பெரியம்மாவின் அடுப்படித் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், ஒரு 80 பக்கக் கொப்பி இருக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்கு அடுப்படிப் படியில் இருந்து 20 நிமிடம் அதில் எழுதுவார். "மோட்டர் திருத்துபவருக்குச் சொல்ல வேண்டும்", "உறுதி நகல் எடுக்க வேண்டும்" என்பவை இடப் பக்கத்தில் இருக்கும்; அவற்றுக்கு எதிரே செய்ய வேண்டிய நாளும் குறிக்கப்பட்டிருக்கும். "தம்பிக்கு விசா கிடைக்குமோ" என்பது வலப் பக்கத்துக்குப் போகும். அதற்கு நாள் குறிக்க முடியாது. இரவில் அதே எண்ணம் எழும்பினால், "நாளைக்கு ஐந்து மணிக்கு உன்னைப் பார்க்கிறேன்" என்று அதற்குச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். முதல் இரண்டு கிழமையும் பலன் தெரியவில்லை என்றே சொன்னார். மூன்றாம் கிழமைதான் எண்ணங்கள் நேரத்துக்குக் கட்டுப்படத் தொடங்கின. ஆகவே நாலு நாளில் கைவிட வேண்டாம். எழுதும் நேரம் படுக்கைக்கு நெருக்கமாக இருக்கக் கூடாது என்பது முக்கியம்.

நெஞ்சு படபடப்பு இருந்தால், அதை மனத்தின் கணக்கில் எழுதுவதற்கு முன் ஒருமுறை இருதயத்தையும் தைரொயிட்டையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அவற்றில் குறை இல்லை என்றான பின், மூச்சைப் பழக்கலாம். நாலு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுவதை ஐந்து நிமிடம் செய்தால் போதும். வெளிமூச்சு நீளும்போது இருதயத் துடிப்பு தணிகிறது. இங்கே நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், நாமஜெபம், செபமாலை, திக்ர் போன்ற அவரவர் மத வழக்கங்களையே மனத்தைத் தளர்த்தும் பயிற்சியாக உபயோகிக்கலாம் என்று காட்டினார். புதிதாக ஒன்றைப் படிக்க வேண்டியதில்லை. ஏற்கனவே வாயில் இருக்கும் நாமத்தை மூச்சோடு சேர்த்தால் சரி.

நித்திரைக்குப் பொதுவான விதிகள் எல்லோரும் அறிந்தவை: பின்னேரத் தேநீருக்குப் பின் இன்னொரு கோப்பை வேண்டாம், பகல் நித்திரை அரை மணிக்கு மேல் வேண்டாம். ஆனால் நமது வீடுகளில் நித்திரையை உண்மையில் குலைப்பது வெளிநாட்டு அழைப்பு. இலண்டனில் இரவு எட்டு மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். பிள்ளை எடுப்பான் என்று தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருக்கும் தாய்க்கு எந்த மாத்திரையும் முழு நித்திரையைத் தராது. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அங்கே சனி, ஞாயிறு நண்பகல் என்பது நமக்குப் பின்னேரம் நாலரை அல்லது ஐந்தரை. கிழமைக்கு ஒருமுறை அந்த நேரத்தில் ஆறுதலாகக் கதைப்பது, தினமும் நடுச்சாமத்தில் இரண்டு நிமிடம் கதைப்பதைவிட இருவருக்கும் நல்லது.

முன்பு கிடுகு வேலியில் ஒரு பொட்டு, ஆள் புகும் இடைவெளி, இருந்தது. உப்புக் கேட்கவும், ஒரு கிண்ணம் கறி கொடுக்கவும், அழவும் அதற்குள்ளால்தான் போய் வந்தோம். இப்போது மதில் எழும்பிவிட்டது, கேற் பூட்டியிருக்கிறது, பெரிய வீட்டில் ஒருவர் தனியே இருக்கிறார். "யாராவது வந்தால் கதைப்பேன்" என்று இருந்தால் யாரும் வரமாட்டார்கள். ஆகவே சந்திப்புக்கு நாளும் நேரமும் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலால் வரும்போது ஒரு வீட்டு விறாந்தையில் அரை மணி இருப்பது என்று இரண்டு பேர் பேசிக்கொண்டாலே போதும். நடந்து போய் வந்தால் உடம்புக்கும் சேர்ந்து நன்மை.

இழப்பைச் சுமப்பவர்களிடம் "மறந்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். இறந்தவருக்குச் செய்யும் எட்டுச் செலவும் 31ஆம் நாள் அந்தியேட்டியும் துயரத்துக்கு ஒரு ஒழுங்கைத் தந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கு அந்த ஒழுங்கும் கிடைக்கவில்லை. அங்கே போகிறவர், பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்தாலே பெரிய உதவி.

மனம் வெறுமையாக இருப்பது, எதிலும் விருப்பம் இல்லாமல் போவது, நித்திரையும் பசியும் கெடுவது ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். "விசர் என்று சொல்வார்கள்" என்ற பயத்தில் வருடக்கணக்காகப் பொறுத்திருப்பவர்களை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தர இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். சுகம் வந்ததும் தாமாகவே நிறுத்தக் கூடாது. உயிர்மேல் வெறுப்பு வந்தது என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல், தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டிவிட்டு, உடனே 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள் அல்லது வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

முதல் முறை கிளினிக்குக்குப் போகும்போது, ஏற்கனவே குடிக்கும் மாத்திரைகளை உறையோடு எடுத்துச் செல்லுங்கள். இலக்கம் கூப்பிடும்வரை வாங்கில் பக்கத்தில் இருக்க ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.