வீட்டு ஊறுகாயை இணையத்தில் விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முப்பது வருடமாக எங்கள் வீட்டில் இதைத்தான் சாப்பிடுகிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை." வீட்டில் சமைத்து வாட்ஸ்ஆப்பில் விற்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் பேச்சு இது. மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இந்த நம்பிக்கைதான். உங்கள் வீட்டு ஜாடி கண்ணெதிரே இருக்கிறது, பூத்தால் தெரிந்துவிடும். கூரியரில் போன பாட்டில் யார் வீட்டில், எத்தனை நாள், எந்த வெயிலில் கிடக்கிறதோ!

பூண்டு ஊறுகாயையே எடுத்துக்கொள்வோம். மேலே எண்ணெய் மிதந்தால் கெடாது என்பார்கள். பூசணத்தைத் தடுக்க எண்ணெய் உதவும், உண்மைதான். ஆனால் காற்றுப் புகாத அந்த அடியில்தான் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளரும். மண்ணோடு வரும் அதன் வித்துகள் வதக்கும் சூட்டுக்கெல்லாம் சாகாது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தக்கூடியது. உணவின் மணமும் நிறமும் மாறாமலே இருக்கலாம். நம்மைக் காப்பது புளியும் எலுமிச்சையும் தரும் புளிப்பு. புளிப்பு கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. வாடிக்கையாளர் கேட்டார் என்று புளியைக் குறைத்துவிட்டு, பழையபடி "ஆறு மாதம் வரும்" என்று எழுதாதீர்கள்.

பிரியாணி விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். காலையில் தம் போட்டு மதியம் வரை வெதுவெதுப்பாக வைத்திருந்த சோற்றில் உண்டாகும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

உணவு விற்க அரசிடம் பதிவு செய்வது கடைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைப்பது அடுத்த தவறு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு அடுப்புக்கும் பொருந்தும். விற்பனை சிறிதானால் பதிவு, பெரிதானால் உரிமம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பித்தால் 14 இலக்க எண் கிடைக்கும். தோழியின் எண்ணை உங்கள் பாட்டிலில் ஒட்டக் கூடாது. அது அவர் பெயருக்கும் முகவரிக்கும் தரப்பட்டது.

சென்ற மாதம் எனக்கு வந்த ஒரு பாட்டிலின் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. உள்ளே ஏதோ நொதித்திருக்கிறது. எப்போது செய்தது என்று பார்க்கலாமென்றால், லேபிளில் ஒரு பூப்படமும் கைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன. சேர்மானம், எடை, தயாரித்த நாள், கெடு நாள், சைவக் குறி இல்லாமல் அனுப்புவது சட்டத்துக்கும் புறம்பு, வாங்குபவருக்கும் அநியாயம்.

சத்து மாவில் "ரகசியக் கலவை" என்ற பேச்சே வேண்டாம். நிலக்கடலையோ முந்திரியோ ஒவ்வாத ஒருவருக்கு அந்த ரகசியம் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்றும் எழுதக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவு என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்வதை, தாய்ப்பால் மாற்று, பால் புட்டி, குழந்தை உணவு பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. அப்படி ஒரு பதிவு போட்டிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.