லோடு முதலில், விமானம் பிறகு: ராணுவச் சரக்கு விமானம் தேர்வதற்கும் விமானந்தாங்கிக் கப்பல் வரைவதற்கும் ஒரு கணக்கு வழி

திருப்பூரில் பனியன் பண்டல் ஏற்றும் லாரியில் எடை பாதியைத் தொடுவதற்குள் பாடி நிறைந்துவிடும். கோவை ஃபவுண்டரியில் வார்ப்பு ஏற்றும் லாரியிலோ பாடி முக்கால்வாசி காலியாகக் கிடக்கும், அச்சு எடை முடிந்துபோயிருக்கும். அதனால்தான் வண்டி பிடிக்கப் போனால் புக்கிங் ஆபீஸில் முதல் கேள்வியே "என்ன லோடுங்க?" என்று வருகிறது. சரக்கு விமானத்துக்கும் இதே கேள்விதான் முதலில் வரவேண்டும். "எத்தனை டன் தூக்கும்?" என்று தொடங்கினால் கணக்கு அங்கேயே கோணிவிடும்.

கோவை, ஈரோடு பக்கம் விமானவியல் படிக்கும் மாணவர்களையும், பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை நம்பி உதிரிபாக வேலையில் இறங்கியிருக்கும் பட்டறைக்காரர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

லோடு சீட்டு

ஒரு தாளில் ஒவ்வொரு சாமானுக்கும் நீளம், அகலம், உயரம், எடை, கழற்ற முடியுமா, தீப்பிடிக்கும் பொருளா என்று எழுதுங்கள். வண்டி என்றால் கூடுதலாக மூன்று: ஒவ்வொரு அச்சின் எடை, இரண்டு அச்சுக்கு இடையே உள்ள தூரம், தரைக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி. உயரத்தை டயரில் முழுக் காற்று இருக்கும்போது, கூரை விளக்கும் ஆண்டெனாவும் சேர்த்து அளக்க வேண்டும். கம்பெனி விவரத் தாளில் இருக்கும் உயரத்தை நம்பக் கூடாது.

அச்சு இடைவெளி எதற்கு? வண்டி பின்கதவுச் சாய்தளத்தில் ஏறி சமதளத்துக்குத் திரும்பும் முனையில் வயிறு தட்டும். அதே நேரத்தில் முன்பக்கக் கூரை மேலே இடிக்கும். அளவுப்படி உள்ளே போகவேண்டிய வண்டி வாசலிலேயே நிற்பது பெரும்பாலும் இதனால்தான். சாய்தளத்துக்குக் கீழே மரக்கட்டை அடுக்கிச் சாய்வைக் குறைத்தால் பல வண்டிகள் போய்விடும். அந்தக் கட்டைகளையும் லோடு சீட்டில் எழுதுங்கள், அவற்றுக்கும் எடை உண்டு.

பெட்டியின் அளவு

சூலூர்ப் பக்கத்து ஊர்களில் ஏஎன்-32 சரக்கு விமானத்தின் சத்தம் எல்லோருக்கும் பழக்கம். அங்கே இருக்கும் விமானப்படையின் 33-வது ஸ்குவாட்ரன் ஓட்டுவது அதைத்தான். அது தூக்குவது சுமார் 6.7 டன், சரக்கறை உயரம் 1.84 மீட்டர். பழைய ஆவ்ரோ விமானங்களுக்குப் பதிலாக இந்தியா 2021-இல் 56 வாங்க ஒப்பந்தம் போட்ட சி-295 சுமார் 9 டன் தூக்கும், உள்ளே உயரம் 1.9 மீட்டர். சி-130ஜே-30 சுமார் 20 டன், உயரம் 2.74 மீட்டர், அகலம் 3 மீட்டருக்குச் சற்று மேல். சி-390 26 டன், உயரம் 2.95 மீட்டர். ஏ400எம் 37 டன், அகலம் 4 மீட்டர், உயரம் 3.85 மீட்டர். சி-17 77 டன், அகலம் 5.5 மீட்டர்.

ஏஎன்-32-இலிருந்து சி-295-க்குப் போகும்போது எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. உயரம் கூடுவதோ ஒரு சாண்கூட இல்லை. உயரக் கூரை ஆம்புலன்ஸ் இரண்டிலும் ஏறாது. உங்கள் சீட்டில் அப்படி ஒரே ஒரு வண்டி இருந்தாலும் தேர்வு சி-130-க்குத் தாவிவிடும். அந்த ஒரு வண்டிக்காக முழுப் படையையும் பெரிதாக்குவதா, அல்லது அதை மட்டும் சாலையில் அனுப்புவதா என்று அப்போதே முடிவு செய்யுங்கள். எங்கள் பார்வையில் பெரும்பாலும் சாலைதான் சரி.

அடுத்து பேலட், அதாவது சாமானை அடுக்கிக் கட்டும் தட்டு. ராணுவங்கள் பரவலாகப் பயன்படுத்தும் 463எல் பேலட் 2.24 x 2.74 மீட்டர், தாங்குவது 4,536 கிலோ. ஓரத்தில் வலை மாட்டும் இடம் போக, சாமான் வைக்கக் கிடைப்பது 2.13 x 2.64. 2.4 மீட்டர் உயரம் அடுக்கினால் 13.5 கன மீட்டர். சி-130ஜே-30-இல் எட்டு பேலட் போகும். எட்டிலும் முழு எடை ஏற்றினால் 36 டன் ஆகிவிடும், விமானம் தூக்குவதோ 20. ஆக ஒரு பேலட்டுக்குச் சராசரி 2.5 டன், கன மீட்டருக்கு 185 கிலோ. இந்த 185-ஐ மனதில் வையுங்கள். கம்பளி, கூடாரம், மருந்துப் பெட்டி இதற்குக் கீழே வரும், இடம் முதலில் தீரும். தண்ணீர்ப் பாட்டில், வெடிமருந்து, இயந்திர உதிரி இதற்கு மேலே வரும், எடை முதலில் தீரும். இரண்டையும் கலந்து ஏற்றினால் பயணங்களின் எண்ணிக்கை குறையும்.

கட்டுவது

லாரியில் கயிறு தளர்ந்தால் வண்டியை ஓரங்கட்டி இறுக்கலாம். வானத்தில் அது நடக்காது. 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமிலிருந்து ஐந்து கவச வண்டிகளோடு கிளம்பிய 747 சரக்கு விமானத்தில் கட்டு போதாமல் ஒரு வண்டி பின்னால் நகர்ந்தது. ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையை இயக்கும் திருகுத்தண்டையும் உடைத்தது. ஏழு பேரும் இறந்தார்கள்.

கட்டு தாங்க வேண்டிய விசைக்கு அமெரிக்க ராணுவ அளவுகோல், சாமானின் எடையைப் போல: முன்பக்கம் 3 மடங்கு, பின்பக்கமும் பக்கவாட்டும் 1.5 மடங்கு, மேல்நோக்கி 2 மடங்கு. 4,000 கிலோ வண்டிக்கு முன்பக்கம் மட்டும் 12,000 கிலோ தாங்க வேண்டும். 4,536 கிலோ தாங்கும் சங்கிலியை தரைக்கு 30 பாகையும் விமானத்தின் நீளவாக்குக்கு 30 பாகையும் வைத்துக் கட்டினால் முன்னோக்கிக் கிடைப்பது முக்கால் பங்குதான், 3,402 கிலோ. 12,000-ஐ இதால் வகுத்தால் 3.5, ஆக நான்கு சங்கிலி. பின்பக்கம் 6,000 கிலோவுக்கு இரண்டு. எப்போதும் இரட்டைப்படையில், இருபுறமும் ஒரே கோணத்தில். சங்கிலியை நெட்டுக்குத்தாகக் கட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. பார்ப்பதற்கு இறுக்கமாக இருக்கும், முன்னே தள்ளும் விசைக்கு ஏறக்குறைய எதுவும் செய்யாது.

எடை மையத்தையும் போட்டுப் பாருங்கள். விமானத்தின் மூக்கு முனையிலிருந்து 4, 7, 10, 13 மீட்டரில் நான்கு பேலட். முன்னிருந்து பின்னாக 3,000, 2,500, 2,000, 1,500 கிலோ வைத்தால் மையம் 7.67 மீட்டரில் விழும். அதே நான்கைத் தலைகீழாக வைத்தால் 9.33. சாமான் ஒன்றுதான், மையம் 1.66 மீட்டர் நகர்ந்துவிட்டது. இது சரக்கின் மையம் மட்டும்தான். விமானத்தின் எடையையும் சேர்த்துப் போட்ட மையம், அந்த விமானம் அனுமதிக்கும் இடைவெளிக்குள் விழுகிறதா என்று பாருங்கள். போய் இறங்கும் இடத்தில் பாதியை மட்டும் இறக்கிவிட்டு மீதியோடு கிளம்பும் திட்டம் இருந்தால், அந்த மீதிக்கும் தனியாக மையம் போட வேண்டும். இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வெயிலும் உயரமும்

கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,324 அடி. விமானவியல் கணக்கில் அந்த உயரத்துக்கு வைக்கும் செந்தர வெப்பம் 12.4 பாகை. சித்திரை மதியம் 38 என்றால் வித்தியாசம் 25.6. ஒரு பாகைக்கு 120 அடி வீதம் 3,072 அடி கூட்டினால், விமானத்துக்குத் தெரியும் உயரம் சுமார் 4,400 அடி. கோவையிலேயே இப்படி. 10,682 அடி உயர லே நகரில் 25 பாகை வெயிலில் அதே கணக்கு 14,400 அடியைக் காட்டும். காற்று மெலிந்தால் எஞ்சின் விசை குறையும், இறக்கைக்குக் கூடுதல் வேகம் வேண்டும், ஓடுபாதை நீளும். ஏஎன்-32-இன் உடலுக்கு ஒவ்வாத அளவு பெரிய 5,180 குதிரைத்திறன் எஞ்சின்களை இறக்கைக்கு மேலே மாட்டியதன் காரணம் இதுதான். இந்தியாவின் வெயிலும் மலையும் கேட்டது அது.

2013 ஆகஸ்ட் 20 அன்று சி-130ஜே லடாக்கில் 16,614 அடி உயர தௌலத் பேக் ஓல்டியில் இறங்கியது. அப்படிப்பட்ட இடங்களுக்குக் காலையிலேயே போய்த் திரும்பிவிட வேண்டும். மதிய வெப்பத்தில் அதே லோடு கிளம்பாது. அங்கே பெட்ரோல் பங்க் எதுவும் கிடையாது, திரும்பிவர வேண்டிய எரிபொருளும் லோடுதான். தூக்கும் எடையும் போகும் தூரமும் ஒன்றையொன்று தின்னும்: ஏ400எம் 37 டன்னோடு சுமார் 3,300 கிலோமீட்டர் போகும், 20 டன்னோடு 6,400. விளம்பரத்தில் இரண்டு பெரிய எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் குறுக்குக் காற்றையும் பாருங்கள். காற்றின் வேகத்தை, ஓடுபாதையோடு அது சேரும் கோணத்தின் சைனால் பெருக்கினால் போதும்.

இறக்கும் இடம்

இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை, ஏற்ற அரை, இறக்க அரை: நான்கு மணி நேரச் சுற்று, 12 மணி நேர நாளில் மூன்று பயணம். இறங்கும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் இல்லாமல் ஆள் வைத்து இறக்கினால் இரண்டு மணி ஆகும், சுற்று ஐந்தரை மணி, நாளைக்கு இரண்டே பயணம். ஒரு ஃபோர்க்லிஃப்ட் இல்லாததால் மூன்றில் ஒரு பங்கு திறன் போய்விட்டது. முதல் விமானத்திலேயே ஃபோர்க்லிஃப்ட்டை அனுப்புங்கள், சாமான் இரண்டாவதில் போகட்டும்.

2024 ஜூலை வயநாடு நிலச்சரிவில் பெய்லி பாலத்தின் பாகங்கள் டெல்லியிலிருந்து கண்ணூருக்கு விமானத்தில் வந்தன. அங்கிருந்து மலைக்கு லாரிதான். விமானம் முடியும் இடத்தில் எத்தனை லாரி, எந்த வளைவில் எது திரும்பும் என்பதும் தேர்வின் பகுதி. வால்பாறை ரோட்டில் கொண்டை ஊசி வளைவு ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எத்தனை விமானம் என்பதற்கு: தினம் மூன்று பறக்க வேண்டும், எந்த நாளிலும் 70 சதவீதம்தான் தயாராக இருக்கும் என்று வைத்தால் 3 / 0.7 = 4.3, அதாவது ஐந்து. நீண்ட பராமரிப்பில் ஒன்று எப்போதும் உள்ளே என்றால் ஆறு.

கப்பலுக்குப் போகும்போது

விமானந்தாங்கிக் கப்பலில் கேள்வி தலைகீழாகிவிடுகிறது. விமானம் 30 வருடத்தில் மாறும், கப்பல் 50 வருடம் ஓடும். நாளை வரப்போகும் விமானத்தின் அளவு இன்று தெரியாது. ஆகவே பிறகு மாற்றவே முடியாதவற்றை மட்டும் தாராளமாக வையுங்கள்: விமானத்தை ஏற்றி இறக்கும் லிஃப்ட், ஹேங்கர் (தளத்துக்குக் கீழே விமானம் நிறுத்தும் கூடம்) உயரம், இறங்கு தளத்தின் நீளம், மின்சாரம். ரேடாரும் ஏவுகணையும் பிறகு மாற்றக்கூடியவை. காசு குறைந்தால் அங்கே குறையுங்கள்.

லிஃப்ட்டைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 2-இல் படையில் சேர்ந்த விக்ராந்த், மிக்-29கே போர் விமானத்தை மனதில் வைத்து வரைந்தது. மிக்கின் இறக்கை விரித்தால் 12 மீட்டர், மடித்தால் சுமார் 8. 2025 ஏப்ரலில் ஒப்பந்தமான ரஃபேல்-எம் 10.9 மீட்டர் அகலம், இறக்கை மடியாது. விரித்த அளவில் சிறிய விமானம் லிஃப்ட்டில் பெரியதாகிவிட்டது. வரையும்போது, உங்கள் பட்டியலில் உள்ள மடிந்த அளவை விட்டுவிட்டு, மடிக்காத மிகப் பெரிய விமானத்தின் அளவோடு இருபுறமும் அரை மீட்டர் சேருங்கள். லிஃப்ட்டைத் தளத்தின் விளிம்பில் வைத்தால் வால் கடலுக்கு மேல் நீட்டிக்கொள்ளலாம். நடுவில் வைத்தால் நான்கு பக்கமும் சுவர்.

இறங்கு தளத்துக்குப் பிரான்ஸின் ஷார்ல் த கோல் பாடம். ஈ-2சி ரேடார் விமானம் பாதுகாப்பாக இறங்கித் திரும்ப இடம் போதாமல், கட்டிய பிறகு தளத்தை 4.4 மீட்டர் நீட்டினார்கள். பிரிட்டனின் குயின் எலிசபெத் கப்பல்களில், விமானத்தை உந்தி ஏவும் கேட்டபல்ட் கருவியைப் பிறகு பொருத்தலாம் என்ற எண்ணம் இருந்தது. 2010-இல் பொருத்த முடிவெடுத்தார்கள், செலவுக் கணக்கு வந்ததும் 2012-இல் கைவிட்டார்கள். "பிறகு பொருத்தலாம்" என்று வரைபடத்தில் எழுதினால் மட்டும் போதாது. அதற்கான குழி, கேபிள் வழி, குளிர்நீர்க் குழாய், எடை ஒதுக்கீடு நான்கையும் இன்றே வரைந்து காலியாக விட வேண்டும்.

மின்சாரத்துக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் மின்காந்த கேட்டபல்ட் ஒரு ஏவலுக்கு அதிகபட்சம் 122 மெகாஜூல் தரும். நம் மீட்டரில் அது 34 யூனிட்தான். ஆனால் அதை மூன்று நொடிக்குள் கொட்ட வேண்டும், அப்போது தேவை 40 மெகாவாட். 45 நொடியில் மறுபடி நிரப்ப, இழப்பைச் சேர்க்காமலே 2.7 மெகாவாட். உடுமலைப் பக்கம் சுற்றும் 2 மெகாவாட் காற்றாலை ஒன்று முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு கேட்டபல்ட்டுக்குப் போதாது. அதனால் ஆற்றலைச் சேமிக்கும் சுழல் சக்கரங்களுக்கு இடம் வேண்டும், அவற்றின் சூட்டை வெளியேற்றவும் வழி வேண்டும்.

கேட்டபல்ட் இல்லாமல், முன்முனை மேல்நோக்கி வளைந்த தளத்திலிருந்து விமானம் எழும் ஸ்கீ-ஜம்ப் கப்பல் என்றால் காற்றுதான் துணை. 140 நாட் வேகத்தில் எழும் விமானத்துக்கு எதிரே 30 நாட் காற்று கிடைத்தால் ஓட வேண்டிய தூரம் (110/140)-இன் வர்க்கம், அதாவது 62 சதவீதம். கப்பல் வேகத்தைக் குறைத்துச் செலவு மிச்சம் பிடிப்பவர்கள் இந்த எண்ணைத்தான் விலையாகக் கொடுக்கிறார்கள்.

சரக்கு விமானமும் கப்பலும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. 1963-இல் அமெரிக்காவின் ஃபாரஸ்டல் கப்பலில் கேசி-130எஃப் ஒன்று, இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் தடுப்புக் கம்பி இல்லாமலே 21 முறை இறங்கி நின்றது. 38 டன் எடையில் 81 மீட்டரில் நின்றது. திறமையில் குறை இல்லை. ஆனால் 40 மீட்டர் இறக்கை தளத்தில் நிற்கும்வரை வேறு எந்த விமானமும் அசைய முடியாது. அதனால் சிறிய சி-2 விமானமே கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோனது. பிறகு எஃப்-35 போர் விமானம் வந்தபோது அதன் எஞ்சின் சி-2-க்குள் நுழையவில்லை, சிஎம்வி-22பி என்ற வேறு சரக்கு விமானம் தேவைப்பட்டது. போர் விமானத்தைத் தேர்ந்த அன்றே அதன் எஞ்சின் பெட்டியை அளந்து, சரக்கு விமானக் கதவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1994-இல் ஹைத்திக்கு அமெரிக்காவின் ஐசன்ஹோவர் விமானந்தாங்கிக் கப்பல் தன் போர் விமானங்களை விட்டுவிட்டு ராணுவ வீரர்களையும் ஹெலிகாப்டர்களையும் ஏற்றிப் போனது. கப்பலில் எதையும் வெட்டவில்லை. காலி ஹேங்கரும் அகல லிஃப்ட்டும் இருந்ததால் நடந்தது.

வரைந்ததைச் சோதிக்க, 1:200 அளவில் அட்டையில் வெட்டுங்கள். திருப்பூர் ஏற்றுமதி அட்டைப்பெட்டி போதும். 262 மீட்டர் தளம் 131 சென்டிமீட்டர், 15.3 மீட்டர் விமானம் 7.65 சென்டிமீட்டர். மேசையில் வைத்து எட்டை ஏவுங்கள், எட்டை இறக்குங்கள், ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எது எதை மறிக்கிறது என்று குறியுங்கள். பிறகு ஒரு லிஃப்ட் பழுது என்று எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நகர்த்துங்கள். தளத்தில் சிக்கி நிற்கும் விமானங்களின் எண்ணிக்கையை வரைபடத்தின் ஓரத்தில் எழுதுங்கள். அது இரண்டைத் தாண்டினால் லிஃப்ட்டின் இடத்தை மாற்றி வரையுங்கள்.