ரோடும் ஒரு கரைதான்: வெள்ளத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரிக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். தங்கள் பகுதியில் தண்ணீர் ஏறாத இடம் எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மேம்பாலத்தைக் கட்டியது நெரிசலைக் குறைக்க. சாலைக்கு ஒரு துறை, நில உபயோகத்துக்கு ஒரு துறை, பேரிடருக்கு ஒரு துறை என்று மூன்று கோப்புகள் தனித்தனியாக நகரும்போது, ஜனங்கள் தாங்களாகவே மேடு தேடிக்கொள்கிறார்கள்.

சாலையை வண்டி போகும் வழியாக மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. தாழ்வான நிலத்தில் மண் கொட்டி உயர்த்திப் போடும் எந்தச் சாலையும் ஏரிக்கரை செய்கிற வேலையைத்தான் செய்யும், தண்ணீரை மறிக்கும். தென்சென்னையில் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக பக்கிங்ஹாம் கால்வாயைத் தொட்டு, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பை துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை குறுக்கே வெட்டுகிறது. வடக்கே தேங்கும் தண்ணீர் சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலங்களுக்குள் நுழைந்துதான் தெற்கே வர முடியும். அந்தப் பாலங்களில் தண்ணீர் போகும் கண் எத்தனை, அகலம் எவ்வளவு என்பதை அன்றாட மழையை வைத்துக் கணக்குப் போட்டால், பெருமழையன்று சாலைக்கு வடக்கே இருப்பவர்கள் வீட்டில்தான் தண்ணீர் நிற்கும். கிழக்கே ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலை இன்னொரு கரை. மடுவுத் தண்ணீர் முழுவதும் அதன் பாலத்துக்கு அடியில்தான் போயாக வேண்டும். பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு உள்ளேயே நிற்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான திட்டம்தான். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்திருந்தால், தண்ணீருக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்கும்.

அடுத்தது, வரிசை தப்பிப்போவது. முதலில் சாலை வருகிறது, சாலையோரத்தில் நில விலை ஏறுகிறது, மனை பிரிக்கிறார்கள், வீடுகள் வருகின்றன. அதற்கப்புறம் வெள்ள அபாய வரைபடத்தை வெளியிட்டு யாருக்கு என்ன பயன்? சாலையின் தடத்தை முடிவு செய்கிற அன்றே, எந்த நிலத்தில் ஜனங்கள் குடியேறப் போகிறார்கள் என்பதையும் பாதி முடிவு செய்துவிடுகிறோம். கழுவெளி என்று உள்ளூரில் அழைக்கப்பட்ட இந்தச் சதுப்பு ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது 1,248 ஹெக்டேர். இடையில் குப்பை மேடும், கம்பெனிக் கட்டடங்களும், அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. இதில் எனக்கு மிகவும் வலிப்பது பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும்தான். ஆற்றங்கரைகளில் ஆபத்து என்று சொல்லி ஏழைக் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடமும் தாழ்வான நிலமே. வேலை இருக்கிற ஊர் தூரமாகிவிட்டது, தண்ணீர் மட்டும் கூடவே வந்தது.

எல்லைக்கோடு இன்னொரு சிக்கல். மாநகராட்சி எல்லையில் ஏரியின் உபரி நீர் நின்று விசாரித்துவிட்டு வருவதில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்து வந்த தண்ணீரும் சேர்ந்துதான் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. அப்போது சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டர். 2022இல் அதை 5,904 ஆக விரித்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் பரப்பு பெரிதானதால் மட்டும் அது ஆற்றுப் படுகைத் திட்டமாகிவிடாது. மேலே இருக்கிற ஏரியின் வரத்துக் கால்வாயை மறித்து மனை போட்டால் கீழே எந்தத் தெரு மூழ்கும் என்று பார்த்து அனுமதி தருவதே படுகைத் திட்டம்.

தார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுக்கொண்டே போனால், சில வருடங்களில் வீட்டு வாசல் பள்ளமாகிவிடுகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது நின்று கேளுங்கள்.

கடைசியாக, ஆபத்து நேரத்தில் எந்த வழி திறந்திருக்கும் என்று முன்கூட்டியே பார்க்காமல் விடுவது. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீள்கிறது. 2015 வெள்ளத்தில் விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போக, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சாலைகளும் அறுந்திருந்ததால், உள்ளே இருந்த சுமார் 800 பேரை உடனே மீட்க முடியவில்லை. ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி எது, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மருத்துவமனையும் பால் வண்டியும் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் மழைக்காலத்துக்கு முன்பே தாளில் இருக்க வேண்டியவை.

சென்னைக்கு மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகி வருகிறது. கருத்துக் கேட்புக்குப் போகிறவர்கள் நில உபயோக வரைபடம், சாலை வரைபடம், வெள்ள வரைபடம் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தெருவையும், அதற்கு மேலே இருக்கும் ஏரியின் கலங்கலையும், இரண்டுக்கும் நடுவில் வரப்போகிற சாலையையும் அதில் விரல் வைத்துக் காட்டும்வரை விடாதீர்கள்.