உங்கள் கணினியில் அழகாக இருந்த தமிழ் ஸ்லைடு, அரங்கத்தில் ஏன் சிதைகிறது?

ஒரு பயிற்சி வகுப்புக்காக மூன்று நாள் உட்கார்ந்து ஸ்லைடுகள் செய்தேன். அங்கே போய்ப் பென் டிரைவைச் செருகித் திறந்தால், திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் வரிசையாக நின்றன. வந்திருந்தவர்களுக்கு அன்று வெறும் வாய்ப்பேச்சுதான் கிடைத்தது. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

நான் செய்த தவறு, பாமினியில் தட்டச்சு செய்தது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் (ஃபான்ட்டுகள்) ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்தும்தான். அதைத் தமிழாகக் காட்டுவது ஃபான்ட். அது இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே வெளியே வந்துவிடும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு ஒவ்வொன்றாகத் தனி எண் தரும் பொதுத் தரம்தான் யுனிகோடு. அதில் தமிழுக்கு 1991 முதலே தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. புதிதாகச் செய்யும் எதையும் இனி பாமினியில் தொடங்காதீர்கள்.

பழைய ஸ்லைடுகளை மாற்றிக்கொள்ள இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் வரிக்கு நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, யுனிகோடுக்கு வந்துவிட்டோம், இனி கவலையில்லை என்று நினைப்பது அடுத்த தவறு. எழுத்து மாறாது, ஆனால் அதன் அகலம் மாறும். விண்டோஸில் பல காலம் கூடவே வந்த லதா, விண்டோஸ் 10 முதல் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஃபான்ட் ஆகிவிட்டது. அது இல்லாத இடத்தில் பெரும்பாலும் நிர்மலா யுஐ வந்து உட்காரும். மேக்கில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி என்று வேறு எழுத்துருக்கள். ஒரு வரியில் அடங்கிய தலைப்பு இரண்டு வரியாகிப் படத்தின்மேல் ஏறுவது இதனால்தான். பெட்டியின் விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

எழுத்துருவைக் கோப்போடு சேர்த்தே அனுப்பலாம். பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் கடைசியில் அந்த வசதி இருக்கிறது. அங்கே பலரும் கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று, பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் சேர்க்கும் தேர்வை எடுக்கிறார்கள். அரங்கத்துக்குப் போனபின் ஒரு பெயரைத் திருத்த நேர்ந்தால் தேவையான எழுத்து இருக்காது. மற்றவர் திருத்தப்போகும் கோப்பு என்றால் எல்லா எழுத்துகளையும் சேர்ப்பதே நல்லது. சில ஃபான்ட்டுகளின் உரிமம் இப்படிச் சேர்ப்பதையே அனுமதிக்காது. கூகுள் ஸ்லைட்ஸில் திறப்பார்கள் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் போல அங்கேயே கிடைக்கும் எழுத்துருவில் செய்துவிடுங்கள்.

கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் வைத்திருங்கள். அசைவுகள் போய்விடும், எழுத்து நிற்கும்.

அப்புறம், செய்த கணினியிலேயே திறந்து பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று கிளம்பாதீர்கள். அங்கே எல்லா ஃபான்ட்டும் இருக்கும், எந்தக் குறையும் தெரியாது. முதல் நாளே வேறொருவர் கணினியில் திறந்து பாருங்கள். அதற்கு வழியில்லை என்றால் உங்கள் கைபேசியிலாவது திறங்கள். எங்கேயாவது ஒரு ஸ்லைடில் பாமினி மிச்சமிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.