எந்த ஊசி நல்ல ஊசி என்று கேட்பதற்கு முன்

எங்கள் பெரியம்மாவுக்குச் சரவாங்கி எனும் முடக்குவாதம் வந்து பதினான்கு வருஷம். மன்னார்குடிப் பக்கம் கிராமம், வைத்தியத்துக்குத் தஞ்சாவூர். மெத்தோட்ரெக்சேட் மருந்து போதாமல் அடலிமுமாப் ஊசிக்குப் போய், அதுவும் சரிப்படாமல் அடுத்ததைப் பார்க்கப் போனபோது புது டாக்டர் கேட்டார்: "ஊசி ஆரம்பத்துலேர்ந்தே கேக்கலையாம்மா, கேட்டுட்டு அப்புறம் விட்டுப் போச்சா?" எங்கள் நோட்டில் 'கேக்கல' என்று மட்டும்தான் இருந்தது.

இந்த மாதிரி ஊசிகளை, அதாவது உயிரணுக்களில் தயாரிக்கும் புரத மருந்துகளான பயாலஜிக் மருந்துகளை, ஒப்பிடும்போது நடக்கும் பெரிய தவறு இதுதான். பழைய ஊசி எப்படித் தோற்றது என்று தெரியாமல் புது ஊசிகளின் தரவரிசை தேடுகிறோம். அடலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் மூன்றும் வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற ஒரே புரதத்தை மறிப்பவை. நன்றாகக் கேட்டுப் பிறகு விட்டுப்போனால், உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கலாம். அதே வகையில் வேறொன்று பலிக்கக்கூடும். முதலிலிருந்தே அசையவில்லையென்றால் பெரும்பாலும் பாதையையே மாற்றுவார்கள்: பி செல் என்ற எதிர்ப்பு அணுவைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப், டி செல் என்ற இன்னொரு எதிர்ப்பு அணுவைத் தூண்டவிடாத அபடாசெப்ட், வீக்கத்தைத் தூண்டும் இன்னொரு புரதமான ஐ.எல்-6ஐ மறிக்கும் டோசிலிசுமாப். பிரான்ஸில் ஒரு டி.என்.எஃப் ஊசி தோற்ற 300 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வேறு வகைக்கு மாறியவர்களில் 69 சதவீதம் பேருக்கு 24 வாரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. அதே வகையில் இன்னொன்று போட்டவர்களில் 52.

இந்த இரண்டு எண்ணும் ஒரே ஆய்வுக்குள் இருப்பதால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கம்பெனியின் தாளில் உள்ள சதவீதத்தை இன்னொரு கம்பெனியின் தாளோடு ஒப்பிட்டால், குறுவை மகசூலை வைத்துத் தாளடியை எடைபோட்ட கதைதான். ஒன்றில் முதல் ஊசி போடுகிறவர்கள், மற்றதில் மூன்று ஊசி தோற்றவர்கள் இருப்பார்கள்.

ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றும். டோசிலிசுமாப் போட்டால் மூட்டு வீக்கம் வடியாவிட்டாலும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்கிவிடும், கிருமித் தொற்று வந்தாலும் ஏறாமல் மறைக்கும். காகிதத்தைவிட, வீங்கிய மூட்டுகளை விரல்விட்டு எண்ணுவது மேல்.

'ரெண்டு தடவை ஊசி போட்டாச்சு, பிரயோஜனமில்ல' என்பது அவசரம். மூன்று மாதத்தில் மாற்றம் தெரிகிறதா, ஆறு மாதத்தில் நோயை அடக்கும் இலக்கைத் தொட்டதா என்பதுதான் கணக்கு.

சில நேரம் ஊசி தோற்றிருக்காது, நாம் தோற்றிருப்போம். சித்திரை வெயிலுக்குப் பயந்து பெரியம்மா ஊசியை ஃப்ரீசரில் வைத்திருந்தார், இரண்டு மாதம்! 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது, உறைந்தால் குப்பைதான். அத்தனை ரூபாயும் ஐஸ். வேறு சிலருக்கு வலிப்பது வாதமல்ல, முழங்கால் தேய்மானம். அதற்கு எந்த பயாலஜிக்கும் கேட்காது.

இதே நோய்க்கு மாத்திரை வடிவில் வரும் டோஃபாசிட்டினிப் பயாலஜிக் அல்ல. ஊசி வலியில்லை என்பதற்காக மட்டும் அதைக் கேட்டு வாங்கக் கூடாது. 50 வயது தாண்டி இதயநோய் அபாயமும் உள்ளவர்களிடம் டி.என்.எஃப் ஊசிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. மாரடைப்பு போன்றவையும் புற்றுநோயும் மாத்திரைக்காரர்களிடம்தான் கூடுதல்.

தொற்று விஷயத்தில் மட்டும் நான் கறார். இந்த ஊசிகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. உள்ளே தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடம்பு சுவர் கட்டியிருக்கும். அந்தச் சுவருக்கு டி.என்.எஃப்தான் சாந்து. அதனால் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் பார்க்காமல் ஊசியைத் தொடக் கூடாது. ரிட்டுக்சிமாப் என்றால் ஹெபடைட்டிஸ் பி கட்டாயம் பார்க்க வேண்டும். தடுப்பூசிகளையும் முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது சேறு. மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமி வயல் மண்ணில் வாழ்வது. கால் புண் வழியாகவும் நுழையும், மழைக்காலத்தில் அதிகம். சர்க்கரையும் இருந்தால் ஆபத்து பல மடங்கு. பெரியம்மாவுக்கு ஊசியும் உண்டு, சர்க்கரையும் உண்டு. "நடவுக்கு இறங்காம நான் என்ன மனுஷி" என்று கோபித்தார். டாக்டர் அவர் காலில் வெடித்திருந்த பித்தவெடிப்பைக் காட்டியதும் பேச்சில்லை. இப்போது வரப்பில் நின்று நடவாட்களை விரட்டுவதோடு சரி.