வெள்ளிக்கிழமை மாலத்தீவில் இறங்கினால்

மாலத்தீவில் நான் இறங்கியது வெள்ளிக்கிழமை. அங்கே அது வார விடுமுறை. தலைநகர் மாலேயிலிருந்து நான் தங்கப்போகும் மாஃபுஷி தீவுக்குப் போகும் மலிவான அரசுப் படகு அன்று ஓடாது. தனிப் படகு பிடித்தால் பர்ஸ் காலியாகிவிடும். விடுதிக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். பல பேர் சேர்ந்து போகும் ஸ்பீட்போட்டில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தனித்தீவில் இருப்பதால் வெளியே வந்ததும் எதிரே படகுத்துறை. டாக்ஸிக்கு வேலையே இல்லை.

முன்வரிசைக்காரர்களுக்கு ஒவ்வோர் அலைக்கும் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் உட்கார்ந்த எனக்குக் குலுக்கல் குறைவு, சாரல்தான் அதிகம். பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன், தப்பித்தது.

திரும்பும்போது வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து அரசுப் படகிலேயே வந்தேன். ஆடி அசைந்துதான் வரும். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

விசா தொல்லை கிடையாது. இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற பயணி விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்டால் அது அரசுத் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள்.