சிந்தெடிக் ஆயிலுக்கு மாறியதும் கசிவு: கடைசியில் காரணம் வேறு

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். பத்து வருடப் பெட்ரோல் கார், என்ஜினுக்கு இதுவரை மினரல் ஆயில் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதா ஆயில்) தான். போன மாதம் ஃபுல் சிந்தெடிக் (செயற்கையாகத் தயாரித்த ஆயில்) 5டபிள்யூ-30 கிரேடில் ஊற்றி, ஆயில் ஃபில்டரையும் மாற்றினோம். கையேட்டில் அந்த கிரேடு இருக்கிறது. மறுநாளே பார்க்கிங்கில் எண்ணெய்ச் சொட்டு.

"பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஒத்துக்காது சார், ரப்பர் சீல் தாங்காது" என்றார் மெக்கானிக். நம்பி மினரலுக்கே திரும்பினேன். ஃபில்டர் புதுசுதானே என்று அதைத் தொடவில்லை. கசிவு நிற்கவில்லை. ஜே.சி. ரோட்டில் ட்ரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்க என்ஜினின் அடியில் இருப்பது) வாஷர் வாங்கி மாற்றியும் அதே கதை. ஆறு நாள் போயிற்று.

பிறகு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தேன். ராத்திரி முழுக்க அட்டை காய்ந்தே இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் நாலு சொட்டு! வாஷரோ போல்ட்டோ என்றால் நின்ற வண்டியிலும் சொட்டும். ஸ்டார்ட் செய்தால் மட்டும் என்றால் ஆயில் பிரஷரோடு ஓடுகிற இடம், அதாவது ஃபில்டர் பக்கம். குளிர்ந்த ஆயிலில் பிரஷர் அதிகம் வேறு.

ஃபில்டரைக் கழற்றினோம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. அதன் மேலேயே புதியதை இறுக்கியிருக்கிறார்கள்! கறுப்பு மேல் கறுப்பு, விரலால் தடவினால்தான் தெரிகிறது. ஓட்டத்தில் பிதுங்கியிருந்தால் மொத்த ஆயிலும் கொட்டி என்ஜின் போயிருக்கும்.

வளையத்தை உரித்து, என்ஜினில் ஃபில்டர் உட்காரும் பரப்பைத் துடைத்து, புது ஃபில்டர் வளையத்தில் ஆயில் தடவி, வளையம் என்ஜினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினோம். திரும்ப சிந்தெடிக்தான் ஊற்றினேன். மூன்று வாரமாக அட்டை காய்ந்திருக்கிறது.